எஸ்கில் நோர்லுண்டின் மகள்

கொழும்பு வெள்ளவத்தைத் தளபாடக் கடைக்கு ஜீவராணி போவது வருசத்தில் ஒன்றிரண்டு தரம்தான். அவள் தைக்கிற குஷன் உறைகள் மட்டக்குளி வேலைத்தலத்திலிருந்து வான் வண்டியில் ஏறிப் போய்விடும். அன்றைக்கு ஒரு நீள சோபாவின் உறை ஓரத்தில் தைத்த பைப்பிங் பிரிந்துவிட்டதென்று கடையிலிருந்து போன் வந்தது. வானோ பலகை ஏற்ற இரத்மலானைக்குப் போயிருந்தது. "நீங்களே ஒருக்கா போய்த் தச்சுக் குடுத்திட்டு வாங்களேன்" என்று நபீஸ் முதலாளி சொல்ல, ஊசியையும் நூலையும் கத்தரிக்கோலையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது கடை. முன்பு யாரோ டொக்டர் குடியிருந்த வீடு. முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பெயர்ப்பலகையில் ஒரு ஓ எழுத்துக்குக் குறுக்காகக் கோடு இழுத்திருந்தது. அது டென்மார்க் எழுத்தாம். உள்ளே மெலிந்து சரிந்த கால்களோடு கதிரைகளும் மேசைகளும் இடம்விட்டு இடம்விட்டு நின்றன. ஒவ்வொன்றின் மீதும் தனித்தனியே விளக்கு விழுந்தது.

அந்தச் சாமான்கள் எல்லாம் மட்டக்குளியில் செய்தவை. முதலில் நபீஸ் முதலாளி தன் போனில் படங்களைக் காட்டி, இதைப்போல செய் என்பார். இரண்டு மூன்று வருசத்தில் படம் தேவைப்படாமல் போயிற்று. தலைமை பாஸ் ஜெயகுமார் படமில்லாமலேயே டென்மார்க் செய்தான். ஜெயகுமார் ஜீவராணியின் புருஷன். தச்சுப் பட்டறையில் பாஸ் என்றால் கைதேர்ந்த தச்சன். அவனை முதலாளிகூட ஜெயகுமார் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். வேலைத்தலத்தில் எல்லாருக்கும் இந்த டென்மார்க் விசயம் தெரியும். பகல் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஜீவராணியும் சிரித்திருக்கிறாள். பொய் சொல்லி விற்கிறார்கள் என்று அவளுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. விற்றால்தானே எல்லாருக்கும் சோறு.

அவள் சோபாவின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து பிரிந்த இடத்தைத் தைக்கத் தொடங்கினாள். அந்த நேரம் ஒரு புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். கனடாவிலிருந்து வந்தவர்கள். பக்கத்து ஒழுங்கையில் பிளாட் வாங்கியிருக்கிறார்களாம், சாமான் போட வேண்டுமாம். விற்பனைக்கு நிற்கும் றமேஷ் அவர்களை ஒற்றைக் கதிரை ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இருந்து பாருங்கோ அன்ரி. இதுதான் லீஸா. எங்கட கடையில ஆக விரும்பி வாங்கிற கதிரை."

"வடிவாத்தான் இருக்கு. டென்மார்க்கில இருந்தே வருது?"

"டிசைன் அங்கத்தையான் அன்ரி. இதைச் செய்தவர் எஸ்கில் நோர்லுண்ட் எண்டு ஒரு ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில பெரிய கெட்டிக்காரர். ஆனா பிறந்தது ஒண்டுமில்லாத குடும்பத்தில. பண்ணையில கூலி வேலை செய்த சனம். ஒரு நீளக் கட்டடத்தில வரிசையா அறைகள், ஒரு அறைக்குள்ள ஒரு குடும்பம்."

ஜீவராணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். நம்ம தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரி டென்மார்க்கிலயும் லயம் இருந்திருக்கு போல என்று நினைத்தாள். ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

றமேஷ் மனப்பாடமாகச் சொன்னான். பண்ணைத் தச்சனிடம் தொழில் பழகினது, பட்டணத்துக்கு வந்தது, சியாமிலிருந்து கப்பலில் வந்த தேக்கு மரத்தை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு, இயந்திர வாளில் இடது கையின் இரண்டு விரல் போனது.

ஊசி நின்றது. ஜெயகுமாருக்கும் இடது கையில்தான் இரண்டு விரல் இல்லை. தச்சு வேலை செய்கிறவனுக்கு விரல் போவது எங்கேயும் நடப்பதுதானே என்று சொல்லிக்கொண்டு மறுபடி குத்தினாள்.

"ஏன் லீஸா எண்டு பேர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

றமேஷ் குரலைத் தாழ்த்தினான். இந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்று பழகியிருந்தான்.

"அது அவற்ற மகள் அன்ரி. நாலு வயசு. ஒரு பனிக்காலம் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். பனி சரிஞ்சு றோட்டு மூடிட்டுது, வாகனம் போகேலாது. பெண்சாதி அப்பதான் பிள்ளை பெத்தவ, எழும்பேலாது. மனுசன் மகளைக் கம்பளியில சுத்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வழியில பிள்ளை கேட்டதாம், 'அப்பா, வீடு வந்திட்டுதா' எண்டு. பிறகு ஒண்டும் கேக்கேல்லையாம். இந்தக் கதிரையின்ர முதுகைத் தடவிப் பாருங்கோ. அந்தப் பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு போன கை மாதிரி இருக்கும்."

"பாவமப்பா" என்றாள் அந்தப் பெண். கண்ணைத் துடைத்தாள். புருஷன்காரன் கதிரையின் முதுகைத் தடவினான்.

ஜீவராணி சோபாவின் பின்னாலிருந்து எழுந்தாள். யாரோ திடீரென்று எழும்பியதும் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ள பேரு என்னா?" என்று கேட்டாள்.

"லீஸா அக்கா" என்றான் றமேஷ், ஒன்றும் புரியாமல்.

"இல்ல" என்றாள் ஜீவராணி. அந்தக் கனடாக்காரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பரிதாபம் தாங்க முடியாததாக இருந்தது.

அவர்கள் போன பிறகு றமேஷ் அவளைச் சுவரிடம் கூட்டிப்போனான். சுவர் நீளத்துக்கு ஆங்கில எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் ஜீவராணி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டத்தான் தெரியும். றமேஷ் வாசித்து அர்த்தம் சொன்னான். எல்லாம் இருந்தது. கம்பளி இருந்தது. வீடு வந்துவிட்டதா என்ற கேள்வி பெரிய எழுத்தில் தனி வரியாக இருந்தது.

"இத எழுதுனது யாரு?"

"ருஷ்தா மிஸ். முதலாளியின்ர அக்காட மகள். ஏன் அக்கா, என்ன பிழை?"

அவள் தையலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மட்டக்குளி போகும்வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே, மலை உச்சித் தோட்டம் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள் அப்போது. ஜெயகுமார் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை செய்தான். லோஜினிக்கு நாலு வயசு. அவளுக்குத் தம்பி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மழை விடாமல் அடித்த அந்தக் கிழமையில் மண் சரிந்து றோட்டு அடைபட்டது. தோட்டத்து லொறி இறங்க முடியவில்லை. லோஜினிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஜெயகுமார் அவளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். ஜீவராணியால் லயத்து வாசல்வரைதான் வர முடிந்தது. மறுநாள் அவன் திரும்பி வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எதும் சொன்னாளா?"

"தூங்கிட்டே வந்தா. ஒண்ணும் சொல்லல."

அதன் பிறகு இந்த இருபது சொச்சம் வருசத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். ஒரே பதில்தான். தூங்கிக்கொண்டே போனாள் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள், தம்பிக்காரனை வளர்த்தாள், கொழும்புக்கு வந்தாள், தையல் பழகினாள். பிள்ளைக்கு வலி தெரிந்திருக்காது, பயம் தெரிந்திருக்காது, தூக்கம்தானே. அந்தச் சொல்லை இப்போது சாமான் விற்கிற ஒரு பையன் கனடாக்காரர்களுக்கு முன்னால் உடைத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு அது தெரியாது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. யாரை ஏசுவது?

வேலைத்தலத்துக்குள் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நேரே போய்ப் பிரதான சுவிச்சை இழுத்து நிறுத்தினாள். வாள், கடைசல், மெருகு மெஷின் எல்லாம் முனகி ஓய்ந்தன. மரத்தூளுக்குள் நின்றவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

ஜெயகுமார் ஒரு கதிரையின் பொருத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"யார்ட்ட சொன்னீங்க?"

"என்னாத்த?"

"லோஜினிய."

அந்தப் பெயரை அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது. 'புள்ள' என்பார்கள், 'அந்த நேரம்' என்பார்கள். பெயர் சொல்வதில்லை. அவன் தூரிகையைக் கீழே வைத்தான்.

"அந்த ருஷ்தா மிஸ் போட்டோ புடிக்க வந்துச்சு. பக்கத்துல ஒக்காந்து கேட்டுச்சு. வேல செய்யிறப்ப என்னா நெனப்பீங்கன்னு. சொன்னேன்."

"அது கேட்டுச்சு. நான் கேக்கலையா?"

அவன் விரலில் ஒட்டிய பசையைத் துணியில் துடைத்தான்.

"வீடு வந்திருச்சான்னு கேட்டாளா? அத மட்டும் சொல்லுங்க. கேட்டாளா, இல்ல அந்த மிஸ் சேத்துக்கிச்சா?"

மரத்தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயகுமார் அவளைப் பார்க்காமல் பசை தடவிய பொருத்தைப் பார்த்தான்.

"சுவிச்சப் போடு ராணி. பசை காயுது."

அவளுக்கு அவனை அந்தக் கட்டையாலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. சுவிச்சையும் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஜிந்துப்பிட்டி வீட்டுக்கு நடந்தே போனாள். சாயந்தரம் அவன் வந்தபோது சோறும் குழம்பும் மேசையில் மூடியிருந்தன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் சாப்பிட்ட சத்தமும் கோப்பை கழுவிய சத்தமும் கேட்டன.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. வெள்ளவத்தைக்குப் போனாள்.

ருஷ்தா கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் இருந்தாள். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண். வேலைத்தலத்துக்கு வரும்போதெல்லாம் எல்லாருக்கும் தேநீரோடு தின்னப் பணிஸ் வாங்கி வருவாள். ஜீவராணிக்கு அவளைப் பிடிக்கும். அதையும் நினைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"மிஸ், நான் சண்ட போட வரல. ஒரு கேள்வி. அந்தப் புள்ள வழியில கேட்டதா எழுதியிருக்கீங்களே. அது எங்க வீட்டுக்காரர் சொன்னதா, நீங்களா எழுதுனதா?"

ருஷ்தாவின் முகம் வெளுத்தது. றமேஷ் ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அது... எல்லாம் கற்பனை தான் அக்கா. எஸ்கில் நோர்லுண்ட் என்டு ஒரு ஆளே இல்ல. உண்மையான டென்மார்க் ஆக்கள்ட பேரப் போட்டா கேஸ் வரும். அதால நானே ஒரு ஆள உருவாக்கின."

"அந்த ஆளப் பத்தி நான் கேக்கல."

"நீங்க நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்ல. ஒங்கட வீட்டு விசயம் என்டு யாருக்கும் விளங்காது. நாடு வேற, பேரு வேற."

"எனக்கு விளங்குச்சே."

ருஷ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் பொய் சொல்கிறாள் என்று ஜீவராணிக்குத் தெரிந்தது. எந்தப் பகுதி பொய் என்றுதான் தெரியவில்லை. எல்லாமே நான் எழுதியது, எல்லாமே நான் எழுதியது என்றாள் ருஷ்தா. கேட்கிற கேள்வி ஒன்று, அவளுக்கு வருகிற பயம் வேறொன்று.

அந்த நேரம் நபீஸ் முதலாளி வந்தார். விசயத்தை ருஷ்தாவிடம் காதோடு கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஜீவராணிக்கு எதிரில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். ஜீவராணியின் மகனுடைய படிப்புக்கு உதவி செய்திருக்கிறார்.

"இங்க பாருங்க ஜீவராணி. எவ்வளவு காலமா நீங்க எங்களோட ஈக்கிறீங்க. கோவிக்க வாணாம். ஒங்களுக்கு என்ன வேணும் என்டு செல்லுங்க. ஜெயகுமார் பாஸ்ட பேரையும் போடணுமா? சின்னதா ஒரு போர்ட்ல போட்டிரலாம்."

"பேரு வேணாங்க."

"வேற என்ன? சம்பளமா?"

"முதலாளி, எங்க புள்ளைய செவுத்துலருந்து எடுங்க. அவ்வளவுதான்."

அவர் ருஷ்தாவைப் பார்த்தார். ருஷ்தா அவசரமாகத் தலையாட்டினாள். பிரச்சினை முடிந்துவிடும் என்ற ஆறுதல் முகத்தில் தெரிந்தது.

"அது லேசு அக்கா. மகள எடுத்திட்டு மகன் என்டு மாத்திருவம். காய்ச்சலும் வாணாம். ஏரியில மூழ்கின என்டு போட்டா சரி. கதிரைட பேர மட்டும் மாத்தேலா, கஸ்டமர்ஸ் எல்லாருக்கும் லீஸா என்டு பழகிட்டு. அத ஏதாவது..."

"அதே கதையா?"

"ஓ, கொஞ்சம் மாத்தி."

ஜீவராணி எழுந்தாள். தன் பிள்ளை இனி ஒரு ஆண்பிள்ளை, ஏரியில் விழுந்து சாகப்போகிறான். அடுத்த வருசம் இது பழசாகிப்போனால் தீயில் சாவான். ஏதாவது ஒரு சாவு இவர்களுக்கு வேண்டும். கதிரை விற்க வேண்டும். அறையை விட்டு வெளியே வந்து சுவரின் முன்னால் நின்றாள். விரலை நீட்டி ஒரு எழுத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். பிளாஸ்டிக் ஸ்டிக்கர். உரிந்து வந்தது.

அடுத்ததையும் உரித்தாள். அடுத்ததையும்.

"ஜீவராணி" என்று நபீஸ் முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார். "என்ன செய்றீங்க நீங்க? றமேஷ், புடிங்க அவவ."

றமேஷ் இரண்டடி வந்து, கையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டான். திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயும் மகளும் சத்தம் போடாமல் வெளியே போனார்கள். ஜீவராணிக்கு நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. எழுத்துகள் கையில் ஒட்டிக்கொண்டன. சேலையில் துடைத்தாள், சேலையிலும் ஒட்டின. மேல் வரிகள் எட்டவில்லை. அவள் லீஸா கதிரையை இழுத்துச் சுவரோரம் வைத்துச் செருப்போடு அதன் மேல் ஏறினாள்.

"கதிரைக்கு மேல ஏற வாணாம்" என்றார் முதலாளி. குரல் முதன்முறையாக உயர்ந்தது.

கதிரை அசையவில்லை. அவள் புருஷன் செய்தது அது. மேலே நின்று, உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அவ பேரு லோஜினி. டென்மார்க் இல்ல, மஸ்கெலியா. பனி இல்ல, மண்ணு. மண்ணு சரிஞ்சு றோட்டு மூடிருச்சு. அந்த றோட்டப் போட்டுத் தாங்கன்னு நாங்க எத்தன வருசமாக் கேட்டோம் தெரியுமா? அதயும் எழுதுங்க. அத எழுதுனா யாரு கதிரை வாங்குவாங்க?"

நபீஸ் முதலாளி போனை எடுத்து ஜெயகுமாரைக் கூப்பிட்டார். "வந்து ஒங்கட வீட்டாள கூட்டிப் போங்க பாஸ்" என்று சொன்னது அவளுக்குக் கேட்டது. ருஷ்தா அறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜீவராணி நிறுத்தவில்லை.

ஜெயகுமார் வந்தபோது அந்த நீளச் சுவரில் அங்கங்கே பசைத் தடங்கள்தான் இருந்தன. அவள் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். பிறகு குனிந்து தரையில் கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

"மன்னிச்சிருங்க முதலாளி" என்றான்.

ஜீவராணி எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் சொன்ன அந்த ஒரு சொல், ருஷ்தாவின் சுவர் முழுவதையும்விட அவளைச் சுட்டது. காலி வீதிப் பக்கம் திரும்ப வேண்டியவள் கடல் பக்கமாகத் திரும்பினாள். ஒழுங்கை முடிவில் தண்டவாளம். அதைத் தாண்டிக் கருங்கல் அடுக்கு. வெயில் கொளுத்திய அந்த நேரத்தில் குடைக்குள் ஒதுங்கிய ஒரு இளஞ்சோடியைத் தவிர யாரும் இல்லை. பின்னால் அவன் ஓடி வருகிற சத்தம் கேட்டது. கையில் இன்னும் அந்த எழுத்துகளை வைத்திருந்தான்.

"ராணி, நில்லு."

"அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

அவன் நின்றான்.

"யார்ட்ட மன்னிப்புக் கேட்டீங்க? எதுக்கு?"

"நாளைக்கு வேலைக்குப் போகணுமே."

"போங்க. எங்க வேணுன்னாலும் போங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

கொழும்பு பக்கமிருந்து ரயில் வந்தது. அது அவர்களுக்குப் பின்னால் தடதடத்துக் கடந்து போயிற்று. போன பிறகு அவன் சொன்னான்.

"கேட்டா."

அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு தரமா?"

"வழி பூராவும். ஒவ்வொரு வளைவுலயும். கண்ணத் தொறக்கல. கேட்டுக்கிட்டே வந்தா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வந்திருச்சுன்னு சொன்னேன். வீட்டவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிக்கிட்டு வந்திருச்சு வந்திருச்சுன்னு சொன்னேன். கடைசியா அவ சாமிகிட்ட பேசுற மாதிரி, மெல்ல... பொறகு கேக்கல. கதவத் தட்டி டொக்டர எழுப்புற வரைக்கும் எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட தூங்கிட்டான்னு சொன்னீங்க."

"தூங்கிட்டான்னு சொன்னா நீ தூங்குவேன்னு நெனச்சேன்."

"நான் தூங்குனதப் பாத்தீங்களா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"அந்த மிஸ்கிட்ட மட்டும் எப்படி வாய் வந்துச்சு? நான் இருபது வருசமா நாய் மாதிரிக் கேட்டேன். நேத்துப் பொறந்த புள்ள, பேனாவ வச்சிக்கிட்டு ஒக்காந்ததும் கொட்டிட்டீங்க."

"அது யாரோ ராணி. யாரோ ஒருத்தர்கிட்ட சொன்னா, கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிரும்னு நெனச்சேன். ஓங்கிட்ட சொன்னா, நீ தெனமும் எம் மூஞ்சியப் பாப்பியே. செவுத்துல எழுதும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். வேர்வையும் மரத்தூளும் படிந்த முகம். கேட்கக்கூடாதென்று நினைத்ததைக் கேட்டாள்.

"என்னையக் கேட்டாளா?"

அவன் உள்ளங்கையில் ஒட்டிய எழுத்துகளை விரலால் உருட்டினான்.

"அம்மா தம்பிக்குப் பால் குடுக்குதான்னு கேட்டா. ஆமான்னேன்."

ஜீவராணி கையிலிருந்த பையால் அவனை அடித்தாள். தோளில், நெஞ்சில், தலையில். உள்ளே கத்தரிக்கோல் இருந்தது, அது அவன் புருவத்தில் பட்டுக் கிழித்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. குடைக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்து, கூட இருந்தவனை இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். கை ஓய்ந்த பிறகு ஜீவராணி கல்லில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அது துக்கத்தின் அழுகை என்று அவன் நினைத்திருப்பான். அவளுக்கோ கோபம் அடங்கவேயில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உண்மைதான். அந்த நேரம் பால்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வதென்றால், நபீஸ் முதலாளி ஜெயகுமாரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவனைப் போன்ற பாஸ் கிடைக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஜீவராணியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். செட்டியார் தெருவில் ஒரு தையல் கடையிலிருந்து பிளவுஸ் வெட்டுத் துணி வாங்கி வந்து வீட்டிலிருந்தே தைத்தாள். கதிரையின் பெயர் மாறியது. சுவரில் புதுக்கதை ஒட்டியாயிற்று என்று றமேஷ் ஒருநாள் வழியில் கண்டு சொன்னான். அதில் எஸ்கில் நோர்லுண்ட் கல்யாணமே செய்துகொள்ளாத மனிதராம், கடலோரத்தில் தனியாக இருந்தாராம்.

"விக்குதா?" என்று கேட்டாள்.

"முந்தின மாதிரி இல்ல அக்கா" என்றான் அவன்.

ருஷ்தா ஒருநாள் பின்னேரம் ஜிந்துப்பிட்டிக்குத் தேடி வந்தாள். சந்துக்குள் காரைக் கொண்டுவர முடியாமல் கோயிலடியில் நிறுத்திவிட்டு, கையில் கேக் பெட்டியோடு நடந்து வந்திருந்தாள். தான் பயத்தில் பொய் சொன்னதாகச் சொன்னாள். பாஸ் சொன்னபோது தானும் அழுததாகச் சொன்னாள். ஜீவராணி கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"ஒங்க மேல கோவம் போகல மிஸ்" என்றாள். "போனா சொல்லி அனுப்புறேன்." கேக்கை வாங்கிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினாள்.

புருஷனோடும் அவள் அதிகம் பேசவில்லை. அவன் புருவத்தில் தையல் போட்ட இடம் ஆறித் தழும்பானது. அவன் முன்னைப்போலவே விடியற்காலையில் எழுந்து போனான், பொழுதுபட வந்தான். அவள் முன்னைப்போலவே சோறு போட்டாள். மகன் கட்டாரிலிருந்து பேசும்போது இருவரும் ஆளுக்கு ஆள் போனை மாற்றிக் கொடுத்தார்கள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கருவாட்டுக் குழம்பு. அவன் பாதி சாப்பிட்டபின் கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னான்.

"பாலத்துக்கிட்ட அவ செருப்பு ஒண்ணு விழுந்துருச்சு. எடுக்க நிக்கல."

ஜீவராணி அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கால்து?"

"எடது."

"சரி" என்றாள் அவள். "பாலத்துக்கு முந்தியிருந்து சொல்லுங்க."